அளறு

நம் பத்திரிகைகளில் நாம் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள உபயோகிக்கும் வார்த்தைகளைத் தொகுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஏரிக்கரையிலிருந்து வந்தவையாக இருக்கும். தேக்கம், சகதி, குட்டை, பாசி பிடித்த சிந்தனை, தவளைச் சத்தம். ஒரு கவிஞர் பத்து வருஷமாக ஒரே மாதிரி எழுதினால் ‘தேங்கிப்போய்விட்டார்’ என்கிறோம். ஓடுவது உயர்ந்தது, நிற்பது அழுகுவது என்ற விஷயத்தில் மட்டும் நம்மிடையே கோஷ்டி பேதம் கிடையாது. இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. அளறு என்றால் சேறு. திருக்குறளில் அந்தச் சொல் வரும் இடங்களில் உரைகாரர்கள் நரகம் என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். கால் புதையும் இடம், ஆகவே மீளமுடியாத இடம். சேற்றில் இறங்கி வேலை செய்து, சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பொருளை உண்டாக்கியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நான் பாகூர்ப் பக்கத்துக்காரன். புதுச்சேரிப் பகுதிக்குக் கணக்கில் 84 ஏரிகள். பெரியது வில்லியனூருக்கு வடக்கே உள்ள ஊசுட்டேரி; அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. பாகூருக்குத் தென்பெண்ணைத் தண்ணீர், சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிகள் இருந்தார்கள், வாய்க்கால் அவர்கள் கொடை என்று ஊரில் சொல்வார்கள். எப்படியோ, எல்லாம் மனிதர் வெட்டியது, மனிதர் கரை போட்டது. ‘இயற்கை’ என்று கண்ணை மூடிக் கைகூப்ப இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் கரைக்கு எதிர்ப்புறம், தண்ணீர் வந்து நுழையும் பக்கம், ஒரு இடம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் அது ஏரி. சித்திரை வைகாசியில் மாடு மேயும் தரை. நடுவில் உள்ள மாதங்களில் அது இரண்டும் அல்ல. உள்வாய் என்று அதற்குப் பெயர். நான் எழுத வந்தது அதைப் பற்றி.

உள்வாயை எனக்குக் காட்டியவள் பெரியம்மா. கீரை பறிக்கப் போவாள். நான் கூடை பிடித்துக்கொண்டு பின்னால். அவளிடம் செடிகளுக்கு ஒரு வகைப்பாடு இருந்தது. அதன் அளவுகோல் அவள் கால். ஈரத்தரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரம்மி. கணுக்கால் தண்ணீரில் ஆரை, ஓரமாக நீர்முள்ளி. முழங்கால் தண்ணீரில் கோரையும் சம்பும். இடுப்புத் தண்ணீரில் கொட்டி, அல்லி. அதற்கு மேலே பாசி, “அங்க நமக்கு வேல இல்ல.” தாவரவியல்காரர்கள் சதுப்பு நிலத்தின் தாவரங்களை வரிசை வரிசையாகப் பிரித்து வரைபடம் போடுகிறார்கள், பின்னாளில் அப்படி ஒன்றைப் பார்த்தபோது பெரியம்மாவின் புடவைக் கொசுவம்தான் ஞாபகத்துக்கு வந்தது. எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிச் செருகியிருக்கிறாள் என்பதைக் கரையிலிருந்து பார்த்தே என்ன பறிக்கிறாள் என்று சொல்லிவிடலாம்.

“நாலு எல இருந்தா ஆரை, மூணு இருந்தா புளியாரை. ரெண்டையும் ஒண்ணா போட்டுட்டு வந்து நிக்காத” என்பாள். ஆரை கீரை அல்ல, பெரணி ஜாதி. பூக்காது, காய்க்காது. தண்ணீர் வற்றும்போது அடித்தண்டருகே மிளகுபோல் கெட்டியாக ஒன்றை உண்டாக்கிவிட்டு மேலே காய்ந்துபோகும். அதற்குள் வித்துத் தூள் பல வருஷம் கெடாமல் கிடக்கும். பிறகு எப்போதோ ஒரு மழையில் ஊறி, வெடித்து, மறுபடி நாலு இலை. பெரியம்மாவுக்கு இந்த விவரம் தெரியாது. “அது எங்கியும் போவல. கீழ இருக்குது” என்று மட்டும் சொல்வாள். இதைவிடச் சரியாக நானும் சொல்ல முடியாது.

பறவைகளும் இப்படித்தான் நிற்கின்றன, கால் அளவுக்குத் தக்கபடி. ஈரச் சேற்றில் அலகைக் குத்திக் குத்தி உள்ளான். கணுக்கால் தண்ணீரில் மடையான், தவம் மாதிரி. இன்னும் கொஞ்சம் ஆழத்தில் பவளக்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், நத்தைக்குத்தி. சம்புக்குள் தாழைக்கோழி, ஊதா நிறத்தில், நம்ப முடியாத சிவப்புக் கால்களுடன். அல்லி இலைமேல் இலைக்கோழி. நீண்ட விரல்களால் பாரத்தைப் பரப்பி நடக்கும். திறந்த நீரில் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள், நூறு நூறாக. நடுவில் கூழைக்கடா. ஒன்றின் இடத்தில் மற்றது நின்று பார்த்ததில்லை. நிற்க நினைத்தாலும் கால் போதாது, அல்லது அலகு பொருந்தாது.

இந்த நத்தைக்குத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. பாக்குவெட்டி மாதிரி ஓர் இடைவெளி. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளர உண்டாகிறது. நத்தையைப் பாக்குபோல் அந்த இடைவெளியில் வைத்து உடைக்கிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மை வேறு. ஓட்டை உடைப்பதில்லை. மூடியின் ஓரமாகக் கீழ் அலகின் நுனியை நுழைத்து, சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுத்து, உள்ளிருப்பதை உருவி எடுத்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் தண்ணீருக்கடியில், கண்ணால் பார்க்காமல். நத்தையும் லேசுப்பட்டதல்ல. எங்கள் ஏரி நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் சேற்றில் இறங்கி, மூடியைச் சாத்திக்கொண்டு, மழைவரை உறக்கம்.

சேற்றில் பிழைக்கும் மீன்களும் அப்படி. விராலும் குறவையும் காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. தண்ணீர் குழம்பாகும் வரையில் தாக்குப்பிடிக்கும். பனையேறிக் கெண்டை ஒரு படி மேலே. தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி, 1791இல் குளக்கரைப் பனைமரம் ஒன்றில் அந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தானே பிடித்ததாக எழுதி, அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அச்சாயிற்று. தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்கு அது போவது உண்மை. மரம் ஏறுவதை விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை. பறவை தூக்கிப் போட்டதாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் தமிழில் அதற்கு வைத்த பெயர் டால்டார்ஃபின் பக்கம் சாட்சி சொல்கிறது.

இதையெல்லாம் வைத்து முன்பு ஒரு கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். பெயர் வேண்டாம்; இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அதிலும் எழுதியிருப்பார்கள். திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: தகவல்கள் நன்று, ஆனால் இது விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரம்போல் இருக்கிறது, இந்த ஏரி எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. கோபம் வந்தது, வாஸ்தவம். பிறகு யோசித்தபோது, அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல, நம் மரபு முழுவதும் உள்வாயைப் பார்த்துக் கேட்டுவந்த கேள்வி அதுதான் என்று பட்டது. நீ எதைக் குறிக்கிறாய்?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த மூதுரைப் பாட்டு ஒன்று உண்டு. குளம் வற்றினால் பறவைகள் பறந்து போய்விடும், அவை உறவல்ல. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக் கிடக்கும், அதுவே உறவு. இதை எழுதிய ஔவை கட்டாயம் வற்றிய குளத்தைப் பார்த்தவள். கொட்டிக்கும் ஆம்பலுக்கும் சேற்றுக்கடியில் கிழங்கு இருக்கிறது, மேலே எல்லாம் கருகினாலும் அது காத்திருக்கும் என்பது அசல் விஷயம். புத்தகத்திலிருந்து எடுத்தது அல்ல. ஆனால் நீதி சொல்ல வேண்டியிருந்ததால் பறவைகள்மேல் பழி விழுந்தது. பறவை போவது துரோகம் அல்ல. போகிற பறவையின் காலில் சேறு ஒட்டியிருக்கிறது. டார்வின் ஒரு சிறு குட்டையின் ஓரத்தில் மூன்று கரண்டி சேறு எடுத்து, ஒரு கோப்பையில் தன் அறையிலேயே ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள். நீர்ப்பறவைகள் குளத்துச் செடிகளை ஊர் ஊராகக் கொண்டுபோகின்றன என்பதற்காக அதை 1859இல் தன் புத்தகத்தில் எழுதினார். ஆக, ஒட்டிக்கொண்டு கிடக்கும் கொட்டி இந்தக் குளத்துக்கு முதலில் வந்ததே ஏதோ ஒரு ஓடுகாலிப் பறவையின் காலில் இருக்கக்கூடும். பறவை எச்சம் விழாத ஏரியில் சேறு எவ்வளவு நாள் சேறாக இருக்கும் என்பது வேறு விஷயம். ஔவையிடம் எனக்குச் சண்டை இல்லை. அவள் பார்த்துவிட்டு நீதி சொன்னாள். நாம் பார்க்காமலே நீதியை எடுத்துக்கொண்டோம்.

பார்ப்பதற்குப் பாதை போட்டுக் கொடுத்தவர் ஒருவர் புதுச்சேரியிலேயே இருந்தார். பி. எல். சாமி. புதுச்சேரி அரசில் அதிகாரியாக இருந்துகொண்டு, ‘சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்’, ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ போன்ற நூல்களை எழுதினார். நம் விமர்சகர்கள் அவரை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. சங்கப் பாட்டில் ஒரு பறவையின் அலகு, கால், கூடு, குரல் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அது எந்தப் பறவை என்று நேராகக் கேட்கிறவர் அவர். கவிதையை ஒரு சாட்சியின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்கிறார். இது ரசனை அல்ல என்பார்கள். மருதப் பாட்டில் நீர்நாய் வாளை மீனைத் தேடிப் போகிறது. உரை சொல்கிறவர் உடனே, அது பரத்தையைத் தேடிப் போகும் தலைவன் என்று உள்ளுறையை அவிழ்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவிழ்த்த பிறகு நீர்நாய் அவருக்கு வேண்டாம். ஆனால் பழனத்தில் நீர்நாய் நிஜமாகவே வாளையைத் தின்ன வேண்டும். இல்லாவிட்டால் தலைவன் மேல் சொன்ன பழி எப்படி நிற்கும்? உள்ளுறை என்ற கட்டடத்துக்கு அஸ்திவாரம் அந்த மிருகத்தின் பசி. இதைப் புரிந்துகொண்ட கவிகள் சேற்றில் நின்றிருக்கிறார்கள், அல்லது நின்றவர்களோடு பேசியிருக்கிறார்கள். நம் புதுக்கவிதையில் வரும் பறவைக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. ‘ஒரு பறவை’ பறக்கிறது, ‘ஒரு மரம்’ நிற்கிறது. குயிலுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் தாழைக்கோழிக்கு இல்லை. பெயர் போட்டால் பிரபஞ்சத் தன்மை போய்விடுமாம். நீர்நாய்க்குப் பெயர் போட்டதால் மருதப் பாட்டின் எந்தத் தன்மை போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

பெயர்கள் விஷயத்தில் உள்வாய் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறது. பாகூர் வெறும் நெல் விளையும் ஊர் அல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வித்தைகள் பதினான்கு என்று எண்ணும் மரபில் நியாய சாஸ்திரமும் ஒன்று. தர்க்கம் படிப்பவர்களுக்கு ஆகாயத்தாமரை தெரியாமல் இருக்காது. இல்லாத பொருளுக்கு உதாரணம் அது, முயற்கொம்பு மாதிரி. ஆகாயத்தாமரைக்கு மணம் உண்டு, ஏனென்றால் அதுவும் தாமரை என்று ஒருவன் வாதித்தால், தாமரையே இல்லாதபோது மணம் எங்கிருந்து என்று மடக்குவார்கள். அவ்வளவு கெட்டிக்காரத்தனமான இன்மைக்கு வைத்த பெயரை ஜனங்கள் எடுத்து, வேர் தரையில் படாமல் மிதக்கும் ஒரு நிஜச் செடிக்கு வைத்துவிட்டார்கள். அடியில்லாத தாமரை, ஆகவே ஆகாயத்தாமரை. இதுவும் ஒரு தர்க்கம்தான், தர்க்க சாஸ்திரிகளைவிடக் கொஞ்சம் நகைச்சுவை உள்ளவர்களின் தர்க்கம்.

கதை அங்கே முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில், தென் அமெரிக்காவிலிருந்து, பூ அழகாக இருக்கிறது என்று வங்காளத்துக்கு ஒரு செடியைக் கொண்டுவந்தார்கள். காம்பு வெங்காயம்போல் உப்பியிருக்கும், வெங்காயத்தாமரை. இப்போது பல ஊர்களில் ஆகாயத்தாமரை என்றால் இதைத்தான் காட்டுகிறார்கள். இல்லாததன் பெயரோடு ஆரம்பித்தது, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாதபடி எல்லா இடத்திலும் இருப்பதாக முடிந்துவிட்டது. அதன் கீழே வெளிச்சம் போகாது, பாசி சாகும், பிராணவாயு குறையும், இலைக்கோழி மட்டும் கொஞ்ச நாள் சந்தோஷமாக நடக்கும். கரையோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு, அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஊதாப் பூவுடன். மாடு கடிக்காது. உள்வாய் மேட்டில் வேலிகாத்தான். இவற்றுக்கு எதிராகத் தமிழ் ரத்தம் கொதிக்கத் தேவையில்லை. செடிக்குக் குடியுரிமை கேட்கும் கட்சியில் நான் இல்லை. பெரியம்மாவின் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்ற படிகள் இவற்றால் அழிந்துபோகின்றன என்பதுதான் என் வருத்தம். எல்லா ஆழத்திலும் ஒரே செடி. நம் கவிதைகளைப் பற்றியும் இப்படி ஒரு குறை சொல்லலாம் என்று கை வருகிறது. ஆனால் ஏரியை உவமையாக்கும் அந்தக் காரியத்தைத்தான் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊசுட்டேரி சுமார் 800 ஹெக்டேர். குறுக்கே மாநில எல்லை போகிறது. ஏறக்குறையப் பாதி புதுச்சேரி, மீதி விழுப்புரம் மாவட்டம். 2008இல் புதுச்சேரி அரசு தன் பாதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பிறகு தமிழகமும் தன் பாதியை அறிவித்தது. நல்ல காரியம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சரணாலயம் என்றவுடன் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். பைனாகுலர் வைத்துக்கொண்டு கூழைக்கடாவை எண்ணுகிறவர்கள் உண்டு, நத்தையை யார் எண்ணுகிறார்கள்? வாத்து வரவில்லை என்றால் செய்தி. கொட்டி வரவில்லை என்றால் கீரை பறிக்கிறவளுக்குத்தான் தெரியும், அவளும் இப்போது போவதில்லை. உள்வாய் வற்றுவதும் அதன் உயிர்தான் என்பதை மேலே பார்க்கிறவர்களுக்கு விளக்குவது சிரமம். வருஷம் முழுவதும் நிரம்பி நிற்கும் ஏரி படகு விடுவதற்கு நல்லது. உள்ளானுக்கு அதில் நிற்க இடமில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. அதற்கு அடுத்த இரண்டு நாளில், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் வந்தது. வீடுகளில் இடுப்பளவு. நெல் போயிற்று, மாடுகள் போயின. வெள்ளம் வடிந்தபின் ஜனங்கள் பாயையும் பாத்திரத்தையும் வெயிலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன், சதுப்பைப் புகழ்ந்து லேசாக ஒரு வார்த்தை எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். தண்ணீர் கண்டபடி போகவில்லை. எங்கே எங்கே பழைய வாய்க்கால் தூர்ந்து தெருவாகியிருந்ததோ, எங்கே பள்ளத்தை மேடாக்கி மனை போட்டிருந்ததோ, அங்கே போய் நின்றது. ஊரின் வயசாளிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று. அவர்களுக்கு அந்தத் தெருவின் பழைய பெயர் தெரியும்.

பொங்கல் கழித்துப் போனபோது ஒரு மனைப்பிரிவில் இன்னும் முழங்கால் தண்ணீர் நின்றது. மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள் வரிசையாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. சிலவற்றின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நத்தைக்குத்திகள் பதினேழு. ஒவ்வொன்றும் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, சற்று நேரம் ஏதோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல் இருந்துவிட்டு, நிமிர்ந்து விழுங்கின. சைட் காவலுக்கு இருந்த ஆள், “இன்னா சார் பாக்கறீங்க, மனை வாங்கப் போறீங்களா?” என்று கேட்டார். இல்லை, நத்தை என்றேன். அவர் குனிந்து ரோட்டோரத்தில் கிடந்த நாலைந்து ஓடுகளைப் பொறுக்கிக் கையில் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் விளிம்பில் சிறு சில்லு போயிருந்தது. மற்றவை உடையவே இல்லை.